இஞ்ஞாசி அரம் போட்ட சைக்கிள்

நண்டுத்துறை முழுவதும் சேர்ந்து ஒரு வீட்டோடு பேசாமல் இருந்த காலத்தில், பேசாமல் இருப்பதையே ஒரு தொழிலாக எடுத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை அதைச் சலிக்காமல் செய்துவந்த காலத்தில், அந்த வீட்டுக்காரன் இஞ்ஞாசி, துறைமுகப் பட்டணத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ரேஸ் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் வந்தான். சக்கரம் சுற்றாததால் தோளில் போட்டு வந்தான். ஏதோ கப்பல்காரன் வேண்டாமென்று கழித்துவிட்டுப் போன சைக்கிள் அது. கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில், காய்ந்து வெடித்த சீட்டு, தொட்டால் கையில் ஒட்டும் துரு. தெருவில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவன் கடந்துபோன பிறகு மண்ணில் துப்பினார்கள்.

இஞ்ஞாசி செய்த குற்றம், உண்மையைச் சொன்னது. அவனுடைய மனைவி மெற்றில்டாவின் அண்ணன் தொம்மை ஒரு பொழுதுசாயும் நேரத்தில் தன் போட்டை வேகமாக ஓட்டி வந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கட்டுமரத்தின் மேல் ஏற்றினான். அந்த மனிதர் கரை சேரவில்லை. ஏதோ பெரிய விசைப்படகு இடித்துவிட்டுப் போனதாகச் சொல்வோம் என்று ஊர் கூடி முடிவு செய்தது, எல்லாரும் தலையாட்டினார்கள், போட்டின் முன்பக்கம் நின்றிருந்த இஞ்ஞாசி மட்டும் போலீஸ் ஸ்டேஷனில் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிட்டு வந்தான். தொம்மை ஜெயிலுக்குப் போனான், திரும்பி வந்தான், ஊர்த்தலைவன் ஆனான். தலைவனாகி அவன் செய்த முதல் காரியம் தங்கச்சி வீட்டுக்கு ஊர்விலக்கு வைத்தது.

விலக்கு என்றால் சும்மா இல்லை. அந்த வீட்டுக்குக் கடையில் சாமான் கிடையாது, தண்ணீர் லாரியில் குடம் வைக்க இடம் கிடையாது, ஷேர் ஆட்டோவில் ஏற்றக்கூடாது. அவர்களோடு பேசுகிறவன் எவனோ அவனும் அந்த நொடியிலிருந்து விலக்குக்குள் போய்விடுவான். அந்த வீடு ஒருநாள் பூட்டிக் கிடந்தாலும் ஊர்ச்சொத்து ஆகிவிடும். இதற்கெல்லாம் மேலே, ஊர் எல்லையில் ரோட்டுக்குக் குறுக்கே இடுப்பு உயரத்துக்கு ஒரு சங்கிலி கட்டி, ஊருக்கு வேண்டிய வண்டிகளுக்கு மட்டும் அதை அவிழ்த்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குப் பெட்ரோல் குடிக்கிற எதுவும் உள்ளே வர வழியில்லை.

மெற்றில்டாவுக்கு முதல் பிரசவ வலி வந்தது ஒரு மழைப் பிற்பகலில். கூப்பிட்டதும் ஆம்புலன்ஸ் வந்தது. சங்கிலியருகே நின்ற ஆட்கள் அப்படி ஒரு வீடே இங்கே இல்லை, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தொம்மையின் ஆட்டோ அவன் வீட்டு முற்றத்தில் நனைந்துகொண்டு நின்றது. இஞ்ஞாசி அவளைத் தாங்கி நடத்திக்கொண்டு போனான், ஒவ்வொரு வாசலிலும் ஆள் நின்றது, ஒவ்வொரு வாசலும் அவள் நெருங்கும்போது சாத்திக்கொண்டது. சங்கிலியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முள் அடர்ந்த ஒரு உடைமரத்தடியில் பிள்ளை பிறந்தது. அது அழவில்லை.

அவள் மறுபடியும் கர்ப்பமாகியிருந்தாள், மாசம் நெருங்கும்போது கச்சான் காற்று எழும்பிவிடும். பட்டணத்து ரோடு மேற்கே போகிறது, கச்சான் மேற்கேயிருந்து மண்ணை வாரி அடிக்கிறது, அந்தக் காற்றில் ஆளே இல்லாத சைக்கிள்கூடப் பின்னால் போகும். இரண்டு பேரைச் சுமந்துகொண்டு அந்தக் காற்றைக் கிழித்துப் போக வேண்டும், சங்கிலிக்கு மேலே ஒற்றைக் கையால் தூக்கிக் கடத்தவும் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சைக்கிள், இதிலிருந்து கழற்ற முடிந்த கனத்தையெல்லாம் கழற்றிவிடுவேன் என்றான் இஞ்ஞாசி.

"இந்தப் பிள்ளைய வழியில விடமாட்டேன்," என்றான். மெற்றில்டா அரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

கழற்றினான். அவன் ஃபைபர் போட்டுகளுக்கு ஓட்டை அடைக்கிறவன்; கண்ணாடி நாரும் பசையும் அவன் சொன்னபடி கேட்கும். இரும்பாலான சீட்டுக் கம்பியை உருவி எறிந்துவிட்டு, வாழைத்தண்டின் மேல் நாரைச் சுற்றிப் பசை தடவி, காய்ந்தபின் தண்டை உருவி, அதே அளவில் ஒரு குழலைச் செய்து மாட்டினான். அன்று மாலை பக்கத்து வீட்டு கித்தேரி, இந்தக் கடற்கரையில் மீன் கூடையைக் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொல்கிற கித்தேரி, தன் கூடையைத் தூக்கப் போய்த் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மீனுக்கு என்ன கேடு வந்துச்சோ என்று மீனைத் திட்டினாள்.

அப்புறம் உடைந்த கப்பல் ஏணியின் அலுமினியக் குழாயை வாங்கி வந்து, உள்ளே மண் நிரப்பி, சூடுகாட்டி, மெல்ல மெல்ல வளைத்து ஹேண்டில் செய்தான். ஊரில் துடுப்புகள் கனத்தன. பெடல் கைகளைத் தேய்த்து ஒல்லியாக்கினான், கதவுகள் கனத்தன. உரக் கம்பெனிக் கழிவில் வந்த டைட்டானியம் போல்ட்டுகளைத் தேடிப் பிடித்து இரும்பு போல்ட்டுகளுக்குப் பதிலாக முடுக்கினான், செருப்புகள் கனத்தன. செயினின் ஒவ்வொரு கண்ணியிலும் துளை போட்டான். பெண்களின் கழுத்துச் சங்கிலிகள் கனத்தன, கழற்றி ஆணியில் மாட்டினார்கள், ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. சக்கரக் கம்பிகளில் பாதியை எடுத்துவிட்டு மீதியை இழுத்துக் கட்டினான். குடைக் கம்பிகளும் மனிதர்களின் இமை முடிகளும் கனத்தன, ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஊரே கண்ணைத் திறக்க மாட்டாமல் உட்கார்ந்திருந்தது.

முதலில் யாரும் ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடவில்லை. ஒருநாள் ஃபைபர் சீட்டுக் கம்பி விரிசல் விட்டதால் இஞ்ஞாசி பழைய இரும்பைத் திரும்ப மாட்டினான், அந்த நேரம் கித்தேரி பழைய பலத்தோடு கூடையைத் தூக்க, கூடை தலைக்கு மேலே போய் மீனெல்லாம் கூரையில் விழுந்தது. மறுநாள் புதுக் குழல் செய்து மாட்டினான், கூடை பழையபடி தரையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. சைக்கிளிலிருந்து போகிற கனம் எங்காவது போய்த்தானே ஆகவேண்டும், அது தங்கள் மேல் வந்து ஏறுகிறது, அவ்வளவுதான். கோபம் மட்டும் இருந்தது.

நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவர்கள் போட்ட சட்டம் அவர்களை விடவில்லை. தொம்மை கமிட்டியைக் கூட்டினான். கனத்தினால் வந்துசேர முடியாதவர்கள் போக மீதிப் பேர் வந்தார்கள், நாற்காலிகள் கனமாக இருந்ததால் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள், நெடுநேரம் பேசி, ஊரில் யாரும் 'கனம்' என்ற சொல்லைச் சொல்லக்கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள். எழுந்திருக்க மட்டும் வெகுநேரம் ஆயிற்று.

பழகிக்கொண்டார்கள். மனிதர்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள், பேசுவதைத் தவிர. கதவுகளைத் திறந்து மூட முடியாததால் திறந்தே போட்டார்கள். எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாததால் களவு நின்றது. ஒரு குடத்துக்கு இரண்டு பெண்கள் போனார்கள். ஒரு கல்யாணப் பெண் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை நடந்து சேர்வதற்குள் மாப்பிள்ளை தூங்கிவிட்டான். திருவிழாவில் சப்பரத்தைத் தூக்கியவர்களால் கோயில் முற்றத்தைத் தாண்ட முடியவில்லை, முற்றம்தான் ஊர்வலத்தின் முழு வழி என்று கமிட்டி அறிவித்தது. மெதுவாக நடந்து, மெதுவாகத் திரும்பி, மெதுவாக இமைக்கிற நண்டுத்துறைக்காரர்களைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரர்கள், இவர்களுக்கு எப்போது இந்தப் பெரிய மனுஷத் தோரணை வந்தது என்று பொறாமைப்பட்டார்கள்.

கித்தேரிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தன் ஆட்டை இஞ்ஞாசி வீட்டு வேலியோரம் கொண்டுவந்து கட்டி, அதன் முகத்தைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற குரலில் பேசினாள்.

"ஏ கருப்பி, ஒனக்குத் தெரிஞ்ச ஆளு யாரும் அரத்த வச்சிப் பராண்டிட்டு இருந்தா, போதும், வைன்னு சொல்லு. எனக்கு இடுப்பு ஒடியுது."

ஆடு அசைபோட்டது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து இஞ்ஞாசி கையை நிறுத்தாமல் ஆட்டிடம் சொன்னான்.

"கருப்பி, ரோட்டுல ஒரு சங்கிலி கெடக்கு. அத அவுக்கச் சொல்லு. மொதல்ல அது."

"கருப்பி, சங்கிலி தலைவரு கட்டுனது. நா என்ன செய்ய?"

"அன்னைக்கு மழையில ஒங்க வாசல்ல ஒருத்தி வந்து நின்னாளே, அப்பம் கதவச் சாத்துனதும் தலைவரா கருப்பி?"

கித்தேரி ஆட்டை அவிழ்க்கவும் மறந்துவிட்டு, காலை இழுத்து இழுத்து உள்ளே போனாள். அன்றிலிருந்து கருப்பி பெரும்பாலும் அந்த வேலியோரமே நின்றது, ஊரிலிருந்து ஆட்கள் வந்து அதனிடம் கெஞ்சினார்கள், மிரட்டினார்கள், கெட்ட வார்த்தை பேசினார்கள். அந்த ஆட்டுக்கு இவ்வளவு மரியாதை அதன் பரம்பரையில் யாருக்கும் கிடைத்திருக்காது.

இங்கேதான் இஞ்ஞாசிக்கு ருசி கண்டுவிட்டது. அவர்கள் குனிவதைப் பார்க்க அவனுக்குப் பிடித்திருந்தது, அதை அவன் தன்னிடமே மறைக்கவில்லை. சைக்கிள் ஏற்கெனவே போதுமான அளவு இலேசாகிவிட்டது; சுண்டுவிரலில் மாட்டித் தூக்கலாம்; இரண்டு பேர் உட்கார அலுமினியத்தில் கேரியரும் செய்து முடித்துவிட்டான். ஆனாலும் அவன் அரத்தைக் கீழே வைக்கவில்லை. யாரை நினைத்துக்கொண்டு தேய்க்கிறோமோ அவர் மேல் கனம் போய் உட்காருகிறது என்பதைக் கண்டுபிடித்திருந்தான். தொம்மையை நினைத்துக்கொண்டு பிரேக் பிடியில் துளை துளையாகப் போட்டான், அங்கே தொம்மையின் முட்டிகள் கனத்து, அவன் ஒவ்வொரு அடிக்கும் தன் காலைத் தானே இரண்டு கையாலும் தூக்கி வைத்து நடந்தான். அதைப் பார்ப்பதற்கென்றே இஞ்ஞாசி காலையில் வாசலில் வந்து பல் விளக்கினான்.

மெற்றில்டாவுக்கு அவன் முகம் பிடிக்கவில்லை. "ஏங்க, நீங்க பிள்ளைக்கு சைக்கிள் செய்யுதியளா, எங்கண்ணன் முட்டிய ஒடைக்கியளா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுல எது முடிஞ்சா நிறுத்துவிய?"

அவன் அரத்தை எடுத்தான். அன்று சங்கிலியருகே நின்றிருந்தவர்கள் அவனைப் பார்த்துக் கல்லெறிந்திருந்தார்கள். கல் கனமாக இருந்ததால் அவர்கள் காலடியிலேயே விழுந்தது என்றாலும் எறிந்தது எறிந்ததுதான். அவன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையை மடியில் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, இந்த ஊர் ரத்தம் யார் யார் உடம்பில் ஓடுகிறதோ அத்தனை பேர் மேலும் ஏறட்டும், ஒருத்தர் தப்பக்கூடாது என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தான், ஈர்க்குச்சி அளவுக்கு வரும்வரை தேய்த்தான். அவன் மேலும்தான் ஏறியது. கோபத்தில் அது அவனுக்குத் தெரியவில்லை.

தேய்த்த கவையை மாட்டியதும் சைக்கிள் தரையிலிருந்து மெல்லக் கிளம்பி, கூரை வாரையில் போய் முட்டி நின்றது. அவன் சந்தோஷப்பட்டான். அதைக் கீழே இழுத்து நங்கூரக் கல்லோடு சேர்த்துக் கட்டிவைத்தான்.

மறுநாள் நண்பகலில், கச்சான் ஓலமிட்டுக்கொண்டிருந்தபோது, மெற்றில்டாவுக்கு வலி வந்தது. இஞ்ஞாசி கயிற்றை அவிழ்த்து, சைக்கிளை வாசலில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தான். சக்கரம் சுற்றியது, சுற்றியது, சுற்றியது, இருந்த இடத்திலேயே காற்றில் சுற்றியது. தரையைத் தொட்டால்தானே சக்கரம் ஓடும். இவ்வளவு வேலைத் திறமையுள்ளவனுக்கு, ஒரு சைக்கிள் ஓடுவதற்குக் கொஞ்சம் கனம் வேண்டும் என்பது அந்த நிமிஷம்வரை தோன்றவில்லை. அவளும் ஏறினால் சரியாகிவிடும் என்று, சைக்கிளை வாசல் தூணில் கட்டிவிட்டு உள்ளே ஓடினான். அவள் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். அவளைத் தூக்கினான், வரவில்லை. தோளுக்கடியில் கைகொடுத்து இழுத்தான், வரவில்லை. கட்டில் கால்கள் நான்கும் மண் தரையில் புதைந்துகொண்டிருந்தன.

"நா இல்ல," என்றாள் மெற்றில்டா, மூச்சை இழுத்துக்கொண்டு. "உள்ள. நங்கூரக் கல்லு மாதிரி இருக்கு. நேத்து யார நெனச்சித் தேய்ச்சிய?"

அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் இந்த ஊரில் பிறந்தவள். அவள் வயிற்றில் ஓடுவதும் இந்த ஊர் ரத்தம்தான். மற்றவர்களெல்லாம் ஒருமுறை சுமந்தார்கள், பிள்ளை அப்பன் வழியிலும் அம்மா வழியிலுமாகச் சேர்த்துச் சுமந்தது. அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான்.

வாசலுக்கு வந்தபோது தெருவில் கூட்டம் நின்றது. அவள் அலறல் கேட்டு வந்தவர்கள், வந்தும் ஒன்றும் செய்யாமல் நிற்கிறவர்கள். நடுவில் தொம்மை, தன் முட்டியைக் கையால் பிடித்துக்கொண்டு. இஞ்ஞாசி வழக்கம்போல ஆட்டைப் பார்த்தான்.

"கருப்பி, தூக்க ஆளு வேணும்னு சொல்லு."

யாரும் அசையவில்லை. அவன் ஆட்டை விட்டுவிட்டு நேரே பார்த்தான். "மச்சான். தூக்க ஆளு வேணும்."

தொம்மை கடலைப் பார்த்தான். அவன் முகத்தில் இரக்கம் இல்லை, இருந்திருந்தால் எழுதியிருப்பேன். பிறகு கித்தேரி பக்கம் திரும்பி, அவளிடம் சொல்வதுபோல், "இரும்பெல்லாம் இருந்த எடத்துல மாட்டட்டும், அதுக்கு அப்புறம் பாப்போம்," என்றான். இரும்பெல்லாம் என்றைக்கோ பழைய கடைக்குப் போய், உருகி, வேறு எதுவோ ஆகியிருந்தது.

அப்போது உள்ளேயிருந்து மெற்றில்டா பேசினாள். திறந்த கதவு வழியாக அவள் குரல் தெருவுக்கு வந்தது.

"அண்ணே, எங்கிட்டப் பேச வேண்டாம். எம்மூஞ்சியப் பாக்க வேண்டாம். ஒன்னு மட்டும் கேக்கேன். வெலக்கு வச்சது இந்த வீட்டுல அன்னைக்கு இருந்த ரெண்டு பேருக்கு. வயித்துல இருக்க பிள்ளைக்கு எப்ப வச்சிய?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சட்டத்தைப் போட்டவர்களே அதில் இந்த இடுக்கைப் பார்த்திருக்கவில்லை.

"கேட்டியா கருப்பி," என்றாள் கித்தேரி ஆட்டிடம். "அவ சொல்லுதது நாயந்தான. அன்னைக்கு இந்தப் பிள்ள ஏது? அதுக்கு வெலக்கு இல்ல."

"போன பிள்ளைக்கும் இல்ல," என்றாள் உள்ளேயிருந்து மெற்றில்டா.

தொம்மை தலை குனிந்தான். குனிந்த தலையைத் தூக்க அவனுக்கு நேரமாயிற்று, அது அரத்தின் வேலை இல்லை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னான்: "சப்பரத் தண்ட எடுத்துட்டு வாங்க. பிள்ளையத் தூக்குவோம். பிள்ளைய மட்டும்."

அப்படியே ஆயிற்று. நண்டுத்துறை ஆண்கள் எல்லாரும் சப்பரத் தண்டுகளைக் கட்டிலுக்கடியில் கொடுத்து, அதில் கிடக்கிற பெண்ணை ஒருத்தரும் பார்க்காமல், அவளைச் சுற்றி இருக்கும் காற்றைப் பார்த்துக்கொண்டு, பிள்ளையை மட்டும் தூக்கினார்கள். பிள்ளையைச் சுற்றி அம்மா இருந்தது அவர்கள் தப்பில்லை. தூக்கினார்கள், கட்டில் அசையவில்லை. இஞ்ஞாசி சைக்கிளை இழுத்து வந்து கட்டிலின் தலைமாட்டில் கயிறு போட்டுக் கட்டினான். சைக்கிள் மேலே இழுத்தது, ஆட்கள் கீழேயிருந்து தள்ளினார்கள், கட்டில் தரையை விட்டு எழுந்தது. அவன் கை தண்டில் படக்கூடாது என்று ஒருவன் கையைத் தட்டிவிட்டான், அதனால் அவன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். முட்டிவரை மண்ணில் புதைந்து புதைந்து, காற்றுக்கு எதிரே, வாய்க்குள் அவனைச் சபித்துக்கொண்டே அவர்கள் சுமந்தார்கள். எந்தச் சாமியையும் அந்த ஊர் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சுமந்ததில்லை, அவ்வளவு வெறுப்போடும் சுமந்ததில்லை.

தொம்மை முன்தண்டில் இருந்தான். தண்டைத் தோளில் வைத்து, காலைக் கையால் தூக்கித் தூக்கி வைத்தான். சங்கிலியின் மேல் அவனே அந்தக் காலைத் தூக்கிப் போட்டு அறுத்தான். அத்தனை கனமான காலுக்கு அது ஒரு நூல்.

எல்லையைத் தாண்டிய நொடியில் கட்டில் இலேசாகிவிட்டது. ஊரின் கனம் ஊருக்குள்தான் செல்லும். அந்தப் பக்கம் உப்பளத்து லாரி ஒன்று நின்றது, டிரைவர் வெளியூர்க்காரர், ஒரு கேள்வியும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். கட்டிலை ஏற்றினார்கள். சைக்கிள் கயிற்றைக் கட்டிலிலிருந்து அவிழ்த்து இஞ்ஞாசி கையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, தொம்மை இடுப்பிலிருந்த மீன் கத்தியை எடுத்து, ஒரே வீச்சில் கயிற்றை வெட்டினான்.

வெட்டவேண்டிய அவசியம் எதுவும் இல்லை. தங்கச்சியைச் சுமந்ததில் எங்கே தான் இளகிவிட்டதாக எவனாவது நினைத்துவிடுவானோ என்று வெட்டினான். சைக்கிள் சக்கரங்கள் மெல்லச் சுழல, பனை உயரத்துக்குப் போய், காற்றில் கிழக்கே திரும்பி, கடலுக்கு மேலே சின்னதாகி மறைந்தது. அது மறைந்த பிறகுதான், அந்தச் சைக்கிளில் இரும்பைத் திரும்ப மாட்டினால்தானே தங்கள் கனம் இறங்கும் என்பது ஒவ்வொருவருக்காக நினைவு வந்தது. லாரி போய்விட்டது. அவர்கள் தண்டுகளைத் தூக்கிக்கொண்டு அறுந்த சங்கிலிக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள், கனம் காத்திருந்து ஏறிக்கொண்டது.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. எல்லாப் பிள்ளைகளையும் போன்ற எடை. அழுதது, நிறுத்தாமல் அழுதது, இஞ்ஞாசி வராந்தாவில் உட்கார்ந்து அதைக் கேட்டுக் கேட்டுத் தானும் அழுதான். பிலோமி என்று பெயர் வைத்தார்கள்.

திரும்பி வந்தபோது வீடு ஊர்ச்சொத்து ஆகியிருக்கவில்லை, ஏனென்றால் அவன் பூட்டாமல் போயிருந்தான். கருப்பி உள்ளே கட்டில் கிடந்த பள்ளத்தில் படுத்திருந்தது. விலக்கு அப்படியே இருந்தது. கனமும் அப்படியே இருந்தது. பிலோமிக்கு மட்டும் விலக்கு இல்லை என்பது ஊரறிந்த சட்டமாகிவிட்டதால், ஆட்டின் வேலை அவளுக்கு வந்தது. மீசை வைத்த ஆண்களெல்லாம் வேலியோரம் வந்து, தொட்டிலில் கிடக்கும் சிசுவிடம் ஊர்க்காரியம் பேசினார்கள். தாய்மாமன் தொம்மையும் வந்தான்.

"மருமவளே, ஒங்கப்பன்கிட்டச் சொல்லு. ஊரு தாங்காது."

இஞ்ஞாசி அதற்குள் இன்னொரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தான், சின்னது, பிள்ளைகள் ஓட்டுகிறது. அதன் பக்கத்தில் ஒரு பழைய தகரப் பெட்டி நிறைய இரும்பு போல்ட்டும் நட்டும். முதல் நாள் ஒரே ஒரு நட்டை, சும்மா சோதித்துப் பார்க்க, எல்லார் கண்ணுக்கு முன்னாலும் முடுக்கினான். தெருக்கோடியில் ஒரு கிழவர் தன் குடையைத் தானே விரித்தார். எந்தச் சைக்கிளானாலும் சரி, அவன் கை இரும்பைச் சேர்த்தால் ஊரில் ஏதோ ஒன்று இலேசாகும். ஊர் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த நட்டுக்குக் காத்திருந்தது. அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான்.

"பிலோமி," என்றான் தொட்டிலைப் பார்த்து. "வந்திருக்கவங்ககிட்டச் சொல்லு. ஒன்கிட்டப் பேசுததெல்லாம் சேத்தி இல்ல. என்கிட்டப் பேசணும். ஒரு ஆளு ஒரு வார்த்த பேசுனா ஒரு நட்டு. எனக்கு அவசரம் ஒன்னும் இல்ல."

மெற்றில்டா வாசலில் சாய்ந்து நின்று அண்ணனைப் பார்த்தாள். இந்தத் தடவை அவள் புருஷனைக் கண்டிக்கவில்லை.

தொம்மை நின்றான். வெயில் ஏறியது, கூட்டம் சேர்ந்தது, கித்தேரி கூடையோடு போய்க்கொண்டிருந்தவள் கூடையைப் போட்டுவிட்டு நின்றாள். பேசினால் தான் போட்ட விலக்குக்குள் தானே விழுவான். தன் வீட்டுக்குச் சாமான் கிடையாது, தண்ணீர் கிடையாது, பின்னால் நிற்கிற இத்தனை பேரும் அடுத்த நொடியில் தன்னைப் பார்க்காத மாதிரி முகம் திருப்புவார்கள், தானே அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் உதடுகள் அசைந்தன. உள்ளே இருந்ததெல்லாம், ஜெயிலும் மழையும் உடைமரமும், கழுத்துவரை வந்து நின்றது. இஞ்ஞாசியை நேருக்கு நேர் பார்த்தான்.

"ஏல, நாறப்பயலே," என்றான்.

இஞ்ஞாசி பெட்டிக்குள் கைவிட்டு, துழாவி, ஒரு நட்டை எடுத்தான். எண்ணெய் தொட்டு, போல்ட்டில் வைத்து, மெதுவாக முடுக்கினான். தொம்மையின் வலது முட்டி தானாக மடங்கி நிமிர்ந்தது. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் சட்டப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், கித்தேரியைத் தவிர. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தாள்.